மலை வரைக்கும் அடிக்கிற டார்ச்

அன்புள்ள பாபு,

நீ போனில் கேட்ட டார்ச்சை வாங்கிவிட்டேன். சட்டைப் பையில் அடங்கும், விலையும் கம்மி, நல்ல தூரம் அடிக்கும். இதோ மேஜை மேல் என் எதிரில்தான் இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு அதை உன்னிடம் கொடுக்கப் போவதில்லை. நீ என்னோடு வந்து டாக்டரிடம் கண்ணைக் காட்டிய பிறகுதான் கொடுப்பேன். அதுவரைக்கும் பொழுது சாய்ந்தபின் வேன் ஸ்டியரிங்கில் நீ கை வைக்கக் கூடாது. டார்ச் கேட்டவனுக்குக் கண் டாக்டரா என்று சிரிப்பாய். போனில் சொன்னால், "சரிப்பா, பாக்கலாம்ப்பா" என்று வைத்துவிடுவாய். உன் பாக்கலாம் எனக்குத் தெரியும். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி வருகிறேன் என்று சொன்னபோதும் அதே பாக்கலாம்தான். கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, அவசரமில்லாமல் எழுதுகிறேன். நீயும் அவசரமில்லாமல் படி.

முதலில் டார்ச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கேட்டது நீ. செங்கம் ரோட்டில் நான் பார்த்துக்கொள்ளும் இந்த வாடகை அறைகளில் ஒவ்வொரு சாவியோடும் ஒரு டார்ச் தொங்கும். வந்து தங்குகிறவர்கள் விடிவதற்கு முன்பே மலை சுற்றக் கிளம்பிவிடுவார்கள். வழியில் நாய் இருக்கும், சமயத்தில் பாம்பும் இருக்கும். முதலாளி கொடுக்கிற காசுக்குள் நல்லதாகப் பார்த்து வாங்குவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற பெரிய பெரிய எண்களை நம்பாதே. கல்யாணப் பத்திரிகையில் பேருக்கு முன்னால் போடுகிற பட்டங்கள் மாதிரிதான் அது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பல்பைச் சுற்றி உள்ளே இருக்கும் கிண்ணத்தைப் பார். ஆழமாகவும் கண்ணாடி போல வழவழப்பாகவும் இருந்தால் வெளிச்சம் குவிந்து நேராகத் தூரம் போகும். தட்டையாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் காலடியிலேயே பரவி நின்றுவிடும். அது கரண்ட் போன நேரத்தில் சமையலறைக்கு ஆகும். நிறைய பல்புகளை வரிசையாக வைத்திருக்கிற டார்ச்சைப் பார்த்து மயங்காதே. தூரத்துக்குச் சின்னதாக ஒற்றைப் பல்பு போதும். வெளிச்சம் ரொம்ப நீலம் பாய்ந்திருந்தால் எனக்குப் பிடிக்காது, பனியிலும் தூசியிலும் நம் முகத்துக்கே திரும்பி வருகிற மாதிரி இருக்கும். செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற வேண்டும். பட்டன் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், கடைக்குள் நின்று அடித்துப் பார்த்து வாங்காதே. ட்யூப் லைட் எரிகிற கடைக்குள் எல்லா டார்ச்சும் ஒன்றுதான்.

பின்னே எங்கே அடித்துப் பார்ப்பது? இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்வேன், மலை மேல் அடிப்பேன். மற்ற ஊர்க்காரர்கள் எதிர்ச் சுவரிலோ தென்னை மரத்திலோ அடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். நமக்கு எந்தத் தெருவில் நின்றாலும் மலை நிற்கிறது, அதை விட்டுவிட்டு வேறு எதன் மேல் அடிப்பது? நம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, மரங்களுக்கு நடுவில் ஒரு வெளுத்த பாறை படுத்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அதற்கு எருமைப் பாறை என்று பேர் வைத்ததே நீதான். எருமை எங்கேயாவது வெள்ளையாக இருக்குமா என்று அம்மா கேட்டாள், இது சாம்பல் பூசிக்கொண்ட எருமை என்று சொன்னாய். பொழுது இறங்கிப் பாறை மறைகிற நேரத்தில் டார்ச்சை அடிப்பேன். எருமை தெரிந்தால் டார்ச் பாஸ், தெரியாவிட்டால் கடைக்குத் திரும்பும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கொஞ்ச காலமாகவே எனக்குச் சாயங்காலங்கள் மிக அழகாகிக்கொண்டு வந்தன. வேலை முடித்து மாடிக்குப் போய் உட்காருவேன். சூரியன் இறங்கியதும் மலையின் ஓரங்கள் பாலில் போட்ட கற்கண்டு போல மெல்லக் கரையத் தொடங்கும். முதலில் மரங்கள் போகும், அப்புறம் பாறைகள், அப்புறம் மலைக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு. கீழே ரோட்டில் ஆட்டோக்களின் விளக்குகளைச் சுற்றி மெலிசாக வண்ண வளையங்கள் நிற்கும். மனிதர்கள் எங்கிருந்தோ முளைத்து, என் எதிரில் வந்து நின்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மறுபடி எங்கேயோ கலந்துவிடுவார்கள். கோவில் மணிச் சத்தமும், தள்ளுவண்டியில் வேர்க்கடலை வறுக்கிற வாசனையும், காற்றும் மட்டும் என்னோடு மிச்சமிருக்கும். உலகமே எனக்காக விளக்கைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பாபு, பொய் சொல்ல மாட்டேன், நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வயதாகி மனம் பழுத்துவிட்டது, அதனால்தான் எல்லாம் இப்படி மென்மையாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மட்டும் அப்படி நினைத்திருந்தால் பரவாயில்லை. நாம் இருக்கிற இடம் அப்படி. வேறு ஊரில் ஒருவன் பொழுது சாய்ந்ததும் சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தால், கண் தெரியவில்லையா பெரியவரே என்று கேட்டிருப்பார்கள். இங்கே கும்பிட்டார்கள். நான் பார்த்துக்கொள்ளும் மாடி அறையில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர், கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டவர், ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "நீங்க எவ்ளோ மெதுவா நடக்கறீங்க. ஒவ்வொரு ஸ்டெப்பும் தியானம்" என்றார். நான் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னவர்களை நான் கவனிக்காமல் போனதற்கு, பற்றில்லாத மனிதர் என்று விளக்கம் சொன்னார்களாம். கேட்கக் கேட்க எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. கடல் தாண்டி வந்து மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்து இவர்கள் தேடுகிற ஏதோ ஒன்று எனக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு. உன் அம்மா ஒருத்திதான் கும்பிடவில்லை. "தண்ணிய டம்ளர்ல ஊத்துங்க, மேஜை மேல ஊத்தாதீங்க" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்து டார்ச்சுகள் கெட்டுப்போக ஆரம்பித்தன. காதர் பாயை உனக்குத் தெரியும், தேரடித் தெருவில் அவர் அப்பா காலத்திலிருந்து டார்ச்சும் கடிகாரமும் விற்கிறவர். அவரிடம் புது டார்ச் வாங்கி வந்து மாடியில் அடித்தேன், எருமை தெரியவில்லை. மாற்றிக்கொண்டு வந்தேன், அதிலும் தெரியவில்லை. கிண்ணம் ஆழமாக இருக்கிறது, பல்பு சின்னதாக இருக்கிறது, எல்லா லட்சணமும் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் போகவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் நாலு பேர் எதிரிலேயே, "இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு பாய். வெளிச்சம் பாதி வழியிலயே செத்துப்போவுது" என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இன்னாண்ணா இது, எல்லார் கைலயும் எரியறது உங்க கைல மட்டும் எப்டி சாவும்? சாயங்காலம் நானே வர்றேன். நீங்க, நானு, உங்க மலை, மூணு பேரும் பாத்துக்கலாம்" என்றார்.

சொன்னபடியே வந்தார். அம்மா டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு பாக்கியிருந்தது. பாய் டார்ச்சை நீட்டிப் பிடித்து அடித்தார். "தோ பாருங்கண்ணா, பாறை பளிச்னு கீது." வெளிச்சம் டார்ச்சிலிருந்து கிளம்புவது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போவதும் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரே சாம்பல். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அப்போது அம்மா என் தோளைத் தொட்டு, "ஏங்க, பாறை மேல ஒரு குரங்கு உக்காந்துனு இருக்குது பாருங்க, குட்டிய மடில வச்சினு" என்றாள். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவருக்கு எதிரில் தோற்றுப்போக எனக்கு மனமில்லை. "ஆமா ஆமா, இப்ப நல்லா தெரியுது. குட்டி அசையுது பாரு" என்றேன். அசைகிறது என்று அம்மா சொல்லவே இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். பாய் டார்ச்சை அணைத்துவிட்டார். அப்புறம் அம்மா, "அங்க குரங்கே இல்லங்க" என்றாள்.

முதலில் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. வெளி ஆள் எதிரில் இப்படிச் செய்கிறாயே என்று அவளைத் திட்டினேன். அவள் பதிலுக்குத் திட்டவில்லை. "ஊருதான் உங்கள சாமியாருன்னு சொல்லுது. எனக்கு பயமா இருக்குதுங்க. எத்தினி நாளா சொல்றேன், கதவு நிலைல இடிச்சிக்கறீங்க, பக்கத்துல நிக்கற ஆள தெரியல உங்களுக்கு" என்று அழுதுவிட்டாள். பாய் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். "காலைல மொத வேலையா ஆஸ்பத்திரிக்கு போங்கண்ணா. டார்ச்சு எங்கயும் ஓடிடாது" என்றார். இறங்கும்போது எனக்கு முன்னால் அவர் படிக்கட்டில் வெளிச்சம் காட்டிக்கொண்டு போனார். அந்தப் படிகளில் நான் தினமும் ஏறி இறங்குகிறவன். அன்றைக்கு அந்த வெளிச்சம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது பொட்டாக வெளிச்சம் வந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு நட்சத்திரம் வந்தது, அழுத்தினேன். இன்னொன்று வந்தது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. அமைதியாக இருந்தது, இந்த வானத்தில் நட்சத்திரங்கள் கம்மி என்று நினைத்துக்கொண்டு இதமாக உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து பேப்பரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த நேரம் முழுக்க வெளிச்சம் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. டாக்டர் சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. "கண்ணுல அழுத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க. ஓரத்துலருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிருக்குது. வலிக்காது, அதனால யாருக்கும் தெரியாது. போனது திரும்பி வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம், சொட்டு மருந்த ஒரு நாள் கூட விடக் கூடாது" என்றார். என் அழகான சாயங்காலங்களுக்கு அவர் வைத்த பேர் கண் அழுத்த நோய். அப்புறம் அவர் கேட்டார்: "பசங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரும். வயசு கம்மினு விட்டுடாதீங்க, கூட்டிட்டு வந்து காட்டுங்க."

குடும்பத்தில் வரும் என்றதும் எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. கீழ்பென்னாத்தூரில் அவருக்கு ரொம்ப நல்ல பேர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடுவார், அதற்கப்புறம் வாசலைத் தாண்டமாட்டார். கூத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார், சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார். எவ்வளவு ஒழுக்கமான மனிதர் என்று ஊரே சொல்லும், எங்கள் வீட்டிலும் அப்படியே சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பாவம், அவருக்கும் வாசலுக்கு அப்பால் தெரிந்திருக்காது என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவரை ஒழுக்கசீலர் ஆக்கினார்கள், என்னைச் சாமியார் ஆக்கினார்கள். ஒருத்தர்கூடக் கண்ணைப் பார்க்கவில்லை.

உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீ அப்போதுதான் வேனை எடுத்து ஷூ கம்பெனி ஷிஃப்டுக்கு ஓட்ட ஆரம்பித்திருந்தாய். கொஞ்சம் நிலைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீயே போன் செய்தாய். நீ பேசியது அப்படியே என் காதில் இருக்கிறது. "அப்பா, நல்லா தூரம் அடிக்கற டார்ச்சு ஒண்ணு பாத்து வைங்க. வேன் ஹெட்லைட் ரெண்டும் மங்கலா இருக்குது. பல்ப மாத்திட்டேன். ஒயரிங்கும் பாத்தாச்சு. எல்லாம் கரெக்டா இருக்குதுன்றான் மெக்கானிக். எனக்குதான் பத்தலப்பா. ரோடு வளையற எடத்துல எறங்கி அடிச்சி பாத்துட்டு போலாம்னுதான்." நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பாபு, மெக்கானிக் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

உனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களை நினைத்துப் பார். நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்து தைத்துவிட்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிற பெண்கள். எந்த வளைவில் டிராக்டர் விளக்கில்லாமல் நிற்கிறது, எந்த இடத்தில் ரோட்டோரமாக ஆள் நடந்து போகிறான் என்று அவர்கள் பார்ப்பதில்லை, அதை நீ பார்த்துக்கொள்வாய் என்றுதான் தூங்குகிறார்கள். ஓரமாகப் போகிறவனைத்தான் இந்த நோய் முதலில் மறைக்கும். சின்ன வயதில் ஒரு தீபத்தன்று கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நானும் அம்மாவும் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தோம். நீ எங்கேயும் ஓடவில்லை. ஒரு பொரிக்கடை வாசலில், விட்ட இடத்திலேயே அசையாமல் நின்றிருந்தாய். அதனால்தான் கிடைத்தாய். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன், கொஞ்சம் நில். சாயங்கால டிரிப்புக்கு வேறு டிரைவரைப் போடு. பகல் டிரிப்பை நீ பார்த்துக்கொள். கம்பெனிக்காரன் கேட்டால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யில்லை.

ஒருவேளை உனக்கு ஒன்றும் இருக்காது. முன்கண்ணாடியில் படிந்த தூசியாக இருக்கலாம், தூக்கம் போதாததாக இருக்கலாம், கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகிற சின்னக் குறையாகவும் இருக்கலாம். அப்படியானால் வீடு வந்து சேரும் வரைக்கும் என்னைக் கேலி செய், கேட்டுக்கொள்கிறேன். அந்த நோயே இருந்தாலும் பயப்படாதே. என்னைப் போல முற்றவிட்டு வரவில்லை நீ, ஆரம்பத்திலேயே பார்த்தால் மருந்திலேயே நிறுத்திவிடலாம் என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருக்கிறார். நான் காலையும் மாலையும் தவறாமல் சொட்டு விட்டுக்கொள்கிறேன். அம்மா காலண்டருக்குப் பக்கத்தில் நின்று மிரட்டுகிறாள். மாடிக்கு இன்னும் போகிறேன், வெளிச்சம் இருக்கும்போதே போய் இறங்கிவிடுகிறேன். இருக்கிற மலையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள், அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று. நடை, குரல், சட்டைக் கையை மடித்துவிடுகிற விதம், சாப்பாட்டில் ரசத்தை முதலில் கேட்கிற பழக்கம், எல்லாம் என்னுடையது. யார் அப்படிச் சொன்னாலும் எனக்குத் தலைகால் புரியாது. உனக்கு நிலமோ வீடோ பெரிதாக ஒன்றும் நான் கொடுக்கவில்லை, என் சாயலையாவது கொடுத்தேனே என்று இருக்கும். இப்போது கொஞ்ச நாளாக, சாயங்காலம் ஆனால் ஒரே வேண்டுதல்தான். என் பிள்ளை என்னைப் போல இருக்கக் கூடாது, இந்த ஒன்றிலாவது அவன் என்னைப் போல இருக்கக் கூடாது.

இதை அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் படிக்கிறாயா என்று எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், பாதியில் மடித்துப் பையில் வைக்க முடியாது. நாளைக் காலையில் அவளோடு கிளம்பி வா. கண்ணுக்கு மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள், அன்று முழுக்கப் பார்வை மங்கி வெயில் கூசும். நான் உன் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன், பகலில் எனக்கு வழி நன்றாகத் தெரிகிறது. வேன் அங்கேயே நிற்கட்டும். பஸ்ஸில் வா.

அப்பா